கப்பலிலிருந்து அல்ல, தண்ணீரிலிருந்து: ஒரு காரீயச் சுரங்கத்தின் வழங்கல் திட்டம்

இலங்கையின் காரீயம் (கிராபைட்) பாறைக்குள் நரம்பாக ஓடுகிறது. நல்ல நரம்பில் காபன் 90 வீதத்துக்கு மேல், சில இடங்களில் 99 வீதம் வரை இருக்கும். கேகாலை மாவட்டத்தின் போகல, குருணாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ ஆகிய சுரங்கங்கள் அந்த நரம்பைத் தொடர்ந்து பல நூறு மீற்றர் ஆழம் இறங்கியவை. தோண்டுவது அங்கே. கொள்வனவு, விற்பனை, வங்கி, கப்பல் முகவர், சுங்கம் எல்லாம் கொழும்பில்.

இந்தப் பிரிவினையால் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. கொழும்பு அலுவலகத்தில் திட்டம் போடுகிறவர் கப்பல் திகதியை எடுத்துப் பின்னோக்கி எண்ணுகிறார்: கொள்கலன் உள்ளே போகவேண்டிய நாள், பொதி கட்டும் நாள், அரைக்கும் நாள், தோண்டும் நாள். எண்ணிக்கை சரிதான், தொடங்கும் முனைதான் பிழை. நிலத்தடிச் சுரங்கத்தில் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த வாரம் இன்னொன்று வரும். அடிமட்டத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் மாதக்கணக்கில் ஏற்றுமதியே இல்லை. ஆகவே வழங்கல் திட்டம் தண்ணீரில் தொடங்கி, களஞ்சியம் வழியாகக் கப்பலுக்குப் போகவேண்டும். பொருளாதார நெருக்கடி வந்த 2022 இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற ஆண்டு.

இங்கே எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிச் சுரங்கம். நாட்காட்டி உண்மையானது. சுரங்கத்தின் அளவுகள் கணக்குக் காட்ட வைத்தவை, வாசிப்பவர் தம்முடைய அளவுகளை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். மாதம் 150 தொன் முடிவுப்பொருள். ஆழம் 400 மீற்றர். பாறையிலிருந்து ஊறும் தண்ணீர் மணிக்கு 60 கனமீற்றர். சம்ப் எனப்படும் அடித்தொட்டியின் கொள்ளளவு 480 கனமீற்றர். தண்ணீர் 200 மீற்றரில் ஒரு இடைத்தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து மேலே வருகிறது. ஒவ்வொரு படியிலும் மணிக்கு 90 கனமீற்றர் இறைக்கும் பலபடிப் பம்பி (ஒரே அச்சில் பல சுழலிகள் வரிசையாக உள்ளது) இரண்டு: ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும்.

13 மணித்தியால மின்வெட்டு என்ன செய்யும்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. மாதிரிச் சுரங்கத்தில் மின்பிறப்பாக்கி இல்லையென்று வையுங்கள். சம்ப் எட்டு மணித்தியாலத்தில் நிரம்பும். "எட்டு மணித்தியாலம் தாங்கும், மிச்சம் ஐந்து மணித்தியாலத்தைச் சமாளித்துவிடலாம்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு நாளின் முழுக்கணக்கு வேறு. மின்சாரம் இல்லாத 13 மணித்தியாலத்தில் 780 கனமீற்றர் சேரும். மின்சாரம் இருக்கும் 11 மணித்தியாலமும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருப்பதால், 90 இறைக்கும் பம்பியின் தேறிய வேலை மணிக்கு 30தான்; 11 மணித்தியாலத்துக்கு 330. அதாவது ஒவ்வொரு நாளும் 450 கனமீற்றர் மிஞ்சும். வெட்டு ஒரே தொடராக வந்தால் முதல் நாளிலேயே, துண்டு துண்டாக வந்தால் இரண்டாம் நாளில் சம்ப் நிரம்பி வழியும்; மூன்றாம் நாளில் கீழ்மட்டப் பாதையில் தண்ணீர் நிற்கும். மின்வெட்டைத் துண்டு துண்டாக அறிவித்தாலும் இந்த மீதி மாறாது. அடித்தள பம்பி அறையின் மோட்டாரும் அதை இயக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியும் மூழ்கினால், பிறகு மின்சாரம் வந்தும் பயனில்லை.

அடுத்தது டீசல். ஒரு கனமீற்றர் தண்ணீரை 400 மீற்றர் தூக்க, பம்பியும் மோட்டாரும் சேர்ந்த வினைத்திறன் 60 வீதம் என்றால், சுமார் 1.8 கிலோவாற்று மணி வேண்டும். ஊறும் தண்ணீரை மட்டும் வெளியேற்றச் சராசரி 110 கிலோவாற்று. காற்றோட்ட விசிறியையும் அவசரத்துக்கு, ஆட்களை ஏற்றியிறக்கும் கூண்டையும் சேர்த்தால் 180. மின்பிறப்பாக்கி ஒரு அலகுக்கு 0.27 லீற்றர் எரித்தால் மணிக்கு ஏறக்குறைய 50 லீற்றர். 13 மணித்தியால வெட்டுக்கு நாளொன்றுக்கு 650 லீற்றர். ஆட்களை வெளியே எடுத்துவிட்டுப் பம்பியை மட்டும் ஓட்டினால் 380.

6,600 லீற்றர் பவுசர் ஒன்று முதல் முறையில் பத்து நாளும், இரண்டாம் முறையில் பதினேழு நாளும் தாங்கும். இந்த இரண்டு எண்களையும் முன்கூட்டியே எழுதி ஒட்டிவைக்கவேண்டும். தாங்கியில் எத்தனை லீற்றர் மிஞ்சும்போது வேலையை நிறுத்தி, ஆட்களை மேலே எடுத்துப் பம்பிக்கு மட்டும் டீசலை ஒதுக்குவது என்ற முடிவை நெருக்கடி நாளில் தொலைபேசியில் விவாதிக்கக்கூடாது.

2022 ஜூன் இறுதியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தது. அந்த நாட்களில் ஏற்றுமதி நிறுவனங்கள் பலவற்றின் கவனம் லொறிக்கு டீசல் தேடுவதிலேயே இருந்தது. கணக்கைப் பாருங்கள். சுரங்கத்திலிருந்து கொழும்புக்குப் போய்வர 170 கிலோமீற்றர், பத்துத் தொன் லொறி லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடினால் ஒரு பயணத்துக்கு 42 லீற்றர். 150 தொன்னுக்குப் பதினைந்து பயணம்: 640 லீற்றர். மாதம் முழுக்க லொறிக்குத் தேவையான டீசலும், மின்பிறப்பாக்கி ஒரே நாள் மின்வெட்டில் குடிக்கும் டீசலும் ஏறக்குறைய ஒன்று. கிடைத்த டீசலை எங்கே ஊற்றுவது என்ற கேள்விக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

டீசலைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். நம் காலநிலையில் பாதி நிரம்பிய தாங்கிக்குள் ஈரம் படிந்து அடியில் தண்ணீர் சேரும், அதில் நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். வாரம் ஒருமுறை அடி வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்றவேண்டும். மின்பிறப்பாக்கியைச் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு "வேலை செய்கிறது" என்று பதிவதும் போதாது. மாதம் ஒருமுறை உண்மையான பம்பிச் சுமையில் ஓட்டவேண்டும். நீண்ட நேரம் குறைந்த சுமையில் ஓடிய எஞ்சினில் எரியாத எண்ணெயும் புகைக்கரியும் படியும். முழுச் சுமை வேண்டிய அன்று அது இழுக்காது.

மலிவான பொருளே பெரிய பொருள்

பெரும்பாலான களஞ்சியங்கள் பொருட்களை விலைப்படி மூன்று வகுப்பாகப் பிரிக்கின்றன. விலை கூடியதற்கு அதிகக் கவனம், குறைந்ததற்குக் குறைந்த கவனம். கடைக்கு இது பொருந்தும். சுரங்கத்துக்கு இதைப்போல் ஆபத்தான பழக்கம் குறைவு. பலபடிப் பம்பியில் அச்சுத் தள்ளலைத் தாங்கும் பலன்ஸ் டிஸ்க், தேய்வளையம், ஷாஃப்ட் ஸ்லீவ், கிளாண்ட் பக்கிங், ஸ்டார்ட்டரின் கொன்டாக்டர் சுருள்: எல்லாம் பம்பி விலையில் சிறு துண்டு. இவற்றில் ஒன்று இல்லையென்றால் பம்பி நிற்கும்.

சுரங்கத்தில் இவை வேகமாகத் தேயும். துளையிடும் தண்ணீரோடு நுண்ணிய பாறைத்தூள் சம்புக்கு வருகிறது. சம்பைச் சேறு வாராமல் விட்டால் அந்தக் கலங்கல் நேரே பம்பிக்குள் போய் டிஸ்கின் முகத்தைத் தேய்க்கும். சேறு நிரம்பிய சம்பின் கொள்ளளவும் 480 கனமீற்றராக இருக்காது, ஆகவே மேலே போட்ட எட்டு மணித்தியாலக் கணக்கும் பொய்யாகும். காரீயத் தூளுக்கு இன்னொரு குணம்: அது மின்சாரத்தைக் கடத்தும். தூசு புகும் ஸ்டார்ட்டர் பெட்டியில் மின்முனைகளுக்கிடையே படிந்து ஷோர்ட் ஆகும். இறுக்கமாக மூடும் பெட்டியும், அதன் கதவு ரப்பரும் உதிரிப்பாகப் பட்டியலில் இருக்கவேண்டும்.

எத்தனை வைத்திருப்பது? ஓடும் பம்பி இரண்டிலும் டிஸ்க் நான்கு மாதத்துக்கொன்று மாறுகிறது என்றால் ஆண்டுக்கு ஆறு. வழமையான காலத்தில் கட்டளையிட்டதிலிருந்து கைக்கு வரப் பன்னிரண்டு வாரம்: அதற்குள் தேவை ஒன்றரை, ஆகவே இரண்டு இருந்தால் போதுமென்று தோன்றும். இறக்குமதிக்கு வங்கி தரும் கொடுப்பனவு உறுதியான நாணயக் கடிதம் திறக்க வங்கியிடம் டொலர் இல்லாத காலத்தில் அதே டிஸ்க் வர முப்பது வாரம் ஆகலாம். அதற்குள் மூன்றரை செலவாகும். நான்கென்று வைத்து, எதிர்பாராத உடைவுக்கு ஒன்று சேர்த்தால் ஐந்து. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையிலான பணம், ஒரு நாள் உற்பத்தி நின்றால் இழக்கும் பணத்தோடு ஒப்பிட ஒன்றுமில்லை. இதனால் வகுப்புப் பிரிக்கும் அளவுகோலை மாற்றவேண்டும்: "இந்தப் பொருள் இல்லையென்றால் எத்தனை மணித்தியாலத்தில் எது நிற்கும்?" எட்டு மணித்தியாலத்துக்குள் தண்ணீர் ஏறச் செய்யும் எதுவும் முதல் வகுப்பு, விலை என்னவாக இருந்தாலும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏமாறலாம். கொழும்பிலிருந்து கொள்வனவு அலுவலர் கேட்கிறார்:

"அண்ணை, பலன்ஸ் டிஸ்க் எத்தனை இருக்கு?"

"ரெண்டு இருக்கு தம்பி. ஆனா ஒண்டு பழைய பம்பிக்குரியது. அதை நாங்க மூணு வருசத்துக்கு முதல் கழட்டிப்போட்டம்."

கணினியில் இரண்டு, உண்மையில் ஒன்று. பம்பி மாற்றும்போது அதற்குரிய உதிரிப்பாகங்களைப் பட்டியலிலிருந்து நீக்காததே காரணம். ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் அட்டையிலும் அது பொருந்தும் இயந்திரத்தின் தொடர் இலக்கம் இருக்கவேண்டும். இயந்திரம் போனால் அட்டையும் போகவேண்டும்.

கொழும்பின் கடைத்தெருக்களான பஞ்சிகாவத்தையிலும் புறக்கோட்டையிலும் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும் அட்டையிலேயே எழுதலாம். பெயாரிங், வீ-பெல்ட், ஒயில் சீல், கேபிள் லக், போல்ட் அன்றே கிடைக்கும். ஷாஃப்ட் ஸ்லீவை நல்ல கடைசல் பட்டறை ஒன்று வரைபடத்தைப் பார்த்துச் செய்து தரும். பலன்ஸ் டிஸ்கை அப்படிச் செய்யலாம்தான், ஆனால் உலோகத்தின் கடினமும் முகத்தின் மட்டமும் சரியாக வராவிட்டால் சில வாரத்திலேயே தேய்ந்துபோகும். அதை அவசரத்துக்கு மட்டும் போட்டு, அசல் வந்தவுடன் மாற்றவேண்டும்.

ரூபாயின் வீழ்ச்சி இன்னொரு பக்கத்தால் தாக்கியது. 2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி நாணயமாற்று வீதத்தைத் தளர்த்துமுன் டொலர் ஏறக்குறைய 203 ரூபாய். மே மாதத்தில் 360 அளவில். 3,000 டொலர் பம்பி உதிரிப்பாகம் 609,000 ரூபாயிலிருந்து 1,080,000 ரூபாயானது. ஒரு முகாமையாளரின் ஒப்புதல் எல்லை பத்து இலட்சம் என்று நிறுவன விதியில் எழுதியிருந்தால், நேற்றுவரை அவர் கையொப்பத்தோடு போன கட்டளை இன்று பணிப்பாளர் சபைக்குப் போகும். பொருள் அதே, டொலர் விலை அதே, கூடியது இரண்டு வாரத் தாமதம். முதல் வகுப்புப் பொருட்களுக்கு ஒப்புதல் எல்லையை டொலரிலோ எண்ணிக்கையிலோ எழுதினால் இந்தத் தடங்கல் வராது. ஏற்றுமதி நிறுவனத்துக்கு டொலர் வருமானம் இருப்பது பெரிய பலம். அதில் ஒரு பகுதியை உதிரிப்பாகக் கொடுப்பனவுக்கென்று மாத ஆரம்பத்திலேயே ஒதுக்கிவைப்பது, வழங்குநருக்கு முற்பணம் அனுப்பிக் கட்டளையை உறுதிசெய்ய உதவும்.

வெடிமருந்து, கயிறு, மரம்

வெடிமருந்து பணம் இருந்தால் வாங்கும் பொருள் அல்ல. உரிமமும் பாதுகாப்பு அமைச்சின் கீழான அனுமதியும் ஒவ்வொரு எடுப்புக்கும் வேண்டும், வெடிமருந்தும் டெட்டனேட்டரும் தனித்தனியாகவே பயணிக்கவும் தனித்தனி அறையில் இருக்கவும் வேண்டும். வெடிமருந்து அறைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுக்கு மேல் ஒரு கிலோகூடச் சேமிக்க முடியாது. எனவே நெருக்கடி வருமென்று தெரிந்தாலும் குவித்துவைக்க வழியில்லை. எடுப்பை அடிக்கடி, சிறிதாகத் திட்டமிடுவதுதான் வழி. உரிமம் புதுப்பிக்கும் திகதியைக் கப்பல் திகதிபோல் நாட்காட்டியில் போடவேண்டும்.

கூண்டின் எஃகுக் கயிற்றுக்கு மாற்றுக் கயிறு ஒரு முழுச் சுருள் கையில் இருக்கவேண்டும், சோதனைச் சான்றிதழோடு. அதை நிலத்தில் வைக்காமல் கட்டையின்மேல், கிரீஸ் பூசி, மழை படாமல் வைத்தால்தான் தேவைப்படும் நாளில் பயன்படும். சுரங்கக் கூரைக்கு முட்டுக்கொடுக்கும் தாங்கல் மரத்துக்குப் போக்குவரத்து அனுமதி எடுக்கவேண்டியிருப்பதால் மழைக்காலத்துக்கு முன் இறக்கிவிடுவது நல்லது.

150 தொன் எத்தனை கொள்கலன்?

இனி வெளியே போகும் பக்கம். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, தொன்னைக் கொண்டு கொள்கலனை முற்பதிவு செய்வது. 20 அடிக் கொள்கலனில் 20 தொன் என்று பிரித்தால் 150 தொன்னுக்கு எட்டுக் கொள்கலன். ஆனால் காரீயத்தில் கட்டியும் நறுக்கும் கனமானவை. நன்றாக அரைத்த மா காற்றோடு கலந்து மிகவும் இலேசாக இருக்கும். கொள்கலன் எடையால் நிரம்புமுன் இடத்தால் நிரம்பிவிடும்.

அளந்து பார்ப்போம். கொள்கலனின் உள்ளகலம் 2.35 மீற்றர், நீளம் 5.9. 1.1 மீற்றர் சதுரப் பலகைத் தட்டு அகலத்துக்கு இரண்டு, நீளத்துக்கு ஐந்து: ஒரு அடுக்கில் பத்து. கதவின் உயரம் 2.28 மீற்றர்; போர்க்லிஃப்ட் தூக்கி நுழைக்க இடம் விட்டால் பயன்படுவது 2.15. இரண்டு அடுக்கென்றால், தட்டின் கனம் 15 சென்ரிமீற்றர் வீதம் கழித்து, ஒவ்வொன்றிலும் பொருளின் உயரம் 92 சென்ரிமீற்றர். ஒரு தட்டில் சுமார் 1.12 கனமீற்றர், இருபது தட்டுக்கும் 22.4. பையில் கட்டிய பொருளின் அடர்த்தி 0.9 என்றால் 20 தொன் ஏறும். 0.5 என்றால் 11.2 தொன்தான்.

இப்போது 150 தொன்னில் 100 கனமானது, 50 மா என்றால், ஐந்து கொள்கலனும் இன்னும் ஐந்தும் வேண்டும். எட்டல்ல, பத்து. இரண்டு கொள்கலன் குறைவாக முற்பதிவு செய்தவர் கடைசி நாளில் கப்பல் முகவரிடம் கெஞ்சவேண்டிவரும். ஆகவே உற்பத்திப் பிரிவிலிருந்து வரும் வாராந்த அறிக்கையில் தொன்னுக்குப் பக்கத்தில் தரமும் பை அடர்த்தியும் இருக்கவேண்டும்.

எங்கே ஏற்றுவது என்பது அடுத்த முடிவு. சுரங்கத்துக்குப் போகும் வளைந்த கிராமப் பாதையில் 20 அடி ட்ரெய்லர் போகுமென்றால் அங்கேயே ஏற்றுவது மேல். கொழும்புக் களஞ்சியத்துக்கு லொறியில் கொண்டுவந்து மறுபடி ஏற்றினால் கடதாசிப் பைகள் கிழியும், கறுப்புத் தூள் எல்லாவற்றிலும் படியும். ஆனால் மழைக்காலத்தில் கணக்கு மாறுகிறது. கேகாலை மாவட்டத்தில் மண்சரிவு அடிக்கடி வருவது. 2016 மே மாதத்து அரநாயக்க அனர்த்தத்தை யாரும் மறக்கவில்லை. மே, ஜூன் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் ஒரு கப்பலுக்குரிய பொதி கட்டிய சரக்கை, கொழும்பை அடுத்த பேலியகொடைப் பக்கம் உயரமான தரையுள்ள களஞ்சியத்தில் முன்கூட்டி இறக்கி வைப்பது பாதுகாப்பு. களனி கங்கை பெருகினால் தாழ்வான களஞ்சியத்தின் அடித்தட்டு நனையும் என்பதால் உயரம் என்ற சொல்லை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும்.

கொள்கலனுக்குள் தரையிலும் சுவரிலும் பிளாஸ்டிக் விரிப்புப் போடாவிட்டால், போய்ச்சேரும் துறைமுகத்தில் கழுவும் கட்டணம் வரும். ஈரம் கூரையில் வியர்த்துச் சொட்டாமல் இருக்க ஈரமுறிஞ்சிப் பைகளைத் தொங்கவிடவேண்டும். மரத்தட்டுகளில், மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை கட்டாயம்: சூடாக்கும் முறையென்றால் மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டிருக்கவேண்டும். முத்திரையில்லாத ஒரே ஒரு தட்டு கலந்திருந்தாலும் முழுக் கொள்கலனும் அங்கே நிறுத்தப்படலாம்.

கடதாசிகள்

புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அகழ்வு, கொண்டுசெல்லல், ஏற்றுமதி அனுமதிகளும் உரிமைப்பங்குக் கொடுப்பனவும் அதனூடாக. அனுமதியிலுள்ள தொன்னும் சுங்கப் பிரகடனத்திலுள்ள தொன்னும் பொருந்தவேண்டும். தர வேறுபாட்டால் கடைசி நேரத்தில் ஒரு கொள்கலனைச் சேர்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 2016 ஜூலை 1 முதல், உறுதிப்படுத்திய மொத்த எடை இல்லாத கொள்கலன் கப்பலில் ஏறாது. சுரங்கத்தில் நிறுவை மேடை இல்லையென்றால் பை, தட்டு, கொள்கலன் எடைகளைக் கூட்டும் முறையை முன்பே பதிந்துவைக்கலாம்.

கடதாசிகளில் ஒன்று மட்டும் தனிக்கவனம் கேட்கிறது. கப்பல் கம்பனிகள் காரீயத்தை, தானாகச் சூடேறும் ஆபத்துச் சரக்கான காபன் வகைகளோடு குழப்பிக்கொள்வதுண்டு. ஐநா இலக்கம் 1361 தாவர, விலங்கு மூலக் காபனுக்கும், 1362 உயிர்ப்பூட்டிய காபனுக்கும் உரியவை. கனிமக் காரீயம் இவற்றில் சேராது. ஆனால் ஆவணத்தில் வெறுமனே "காபன் தூள்" என்று எழுதினால் முற்பதிவு நிராகரிக்கப்படும், அல்லது ஆபத்துச் சரக்குக் கட்டணம் வரும். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியதைக் கண்டபின், சரக்கின் உண்மைத் தன்மையை ஒரு கம்பனி துருவிக் கேட்பதைக் குறைசொல்ல முடியாது. இயற்கைக் கனிமக் காரீயம் என்று தெளிவாக எழுதி, பாதுகாப்புத் தரவுத்தாளோடு, சரக்கு தானாகச் சூடேறுமா என்று பார்க்கும் ஐநா என்.4 சோதனை அறிக்கையையும் இணைக்கவேண்டும். அந்தச் சோதனையில் 100 மில்லிமீற்றர் கனசதுர மாதிரியை 140 பாகை செல்சியஸில் 24 மணித்தியாலம் வைத்துப் பார்ப்பார்கள். அறிக்கை ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனியாக இருந்தால் கேள்வி வராது.

செங்கடல் மூடியபோது

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின், ஐரோப்பாவுக்கான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாள் நீண்டது. அதே காலத்தில், 2023 டிசம்பர் 1 முதல் சீனா காரீயத்தின் சில வகைகளுக்கு ஏற்றுமதி அனுமதி முறையைக் கொண்டுவந்தது. வேறு மூலங்களிலிருந்து வாங்குவோருக்கு அட்டவணை முன்னைவிட முக்கியமாயிற்று.

மாதம் 150 தொன் என்றால் நாளுக்கு 5 தொன். பன்னிரண்டு நாள் நீட்சி எப்போதும் கடலில் கூடுதலாக மிதக்கும் 60 தொன். அந்தச் சரக்கின் பணம் யாருடையது என்பது விற்பனை ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருக்கிறது. கொழும்பில் கப்பலேற்றும்வரைதான் விற்பவர் பொறுப்பு என்று விலை பேசியிருந்தாலும், கொடுப்பனவு "சரக்கு வந்துசேர்ந்து 60 நாளில்" என்றிருந்தால் அந்தப் பன்னிரண்டு நாளின் வட்டியைச் சுரங்கமே சுமக்கும். "கப்பலேற்றுப் பத்திரத் திகதியிலிருந்து" என்று எழுதினால் சுற்றுப்பாதை வாங்குபவரின் கணக்கில் போகும். வாங்குபவர் அதற்குச் சம்மதிக்க மறுத்தால், அவருடைய நாட்டுக் களஞ்சியத்தில் 60 தொன் முன்னிருப்பு வைத்து அதற்கேற்ற விலை கேட்கலாம். ஆனால் அந்த 60 தொன்னை உற்பத்தி செய்யப் பன்னிரண்டு நாள் பம்பி தடையின்றி ஓடவேண்டும் என்பதால், பேச்சுக்குப் போகுமுன் களஞ்சியத்தில் டிஸ்க் ஐந்து இருக்கிறதா, டீசல் தாங்கியில் எத்தனை நாள் இருக்கிறது என்று விற்பனைப் பிரிவு சுரங்கத்தைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.